கன்னியம்மாள் இறந்த இரண்டு தேதிகள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குத் தட்டு வைத்த நேரம், நான் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்த பட்டுக்கடையிலிருந்து போன் வந்தது. பேசியது நிவேதா. கடைக்குப் புதிதாக வந்திருக்கும் எச்.ஆர். பெண். என் காலத்தில் அந்த வேலைக்கு எச்.ஆர். என்ற பெயரெல்லாம் கிடையாது. 'கோதண்டத்தக் கேளு' என்பதுதான் பெயர். கோதண்டம் நான்தான்.

"சார், பழைய லீவு ரிஜிஸ்டர் எல்லாத்தையும் சாஃப்ட்வேர்ல ஏத்திக்கினு இருக்கோம். ஒரு என்ட்ரி எர்ரர் காட்டுது. முதல் மாடி தயாளன் அண்ணன் இருக்காருல்ல, அவரு அம்மா கன்னியம்மாள். அவங்க ரெண்டு தரம் எறந்திருக்காங்க சார்."

"ஆமாம்மா."

"எந்த டேட் சார் கரெக்ட்?"

"ரெண்டும்."

அந்தப் பக்கம் ரிஜிஸ்டர் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "நடுவுல நாலு வருஷம் 'உயிரோடு'ன்னு ஒரு லீவு போட்டிருக்கீங்க. அது என்னா சார் லீவு? அதுக்கு கேர்கிவர் பாலிசின்னு பேர் மாத்தணும்னு சின்ன முதலாளி சொல்லிக்கிறாரு. எப்படி ஆரம்பிச்சதுன்னு ரெண்டு வரி வேணும்" என்றாள்.

சாம்பார் ஆறுதும்மா, எழுதி அனுப்புறேன் என்று வைத்துவிட்டேன். எனக்கு எதையும் இரண்டு வரியில் எழுத வராது என்பது கடையில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெண்ணுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

நான் கடையில் சேர்ந்தது சேலை மடிக்க. ஒரு கல்யாணக் கோஷ்டி உள்ளே வந்தால் எண்பது சேலை பிரிப்பார்கள், இரண்டு எடுப்பார்கள். மீதி எழுபத்தெட்டையும் பழைய மடிப்பு பிசகாமல் மடித்து அடுக்க வேண்டும். இரண்டு வருஷம் மடித்தேன். நாலு வருஷம் மெத்தையில் உட்கார்ந்து விற்றேன். விற்பனை எனக்கு ஒத்துவரவில்லை. ஒரு அம்மா சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு "இந்தக் கலர் எனக்கு எடுக்குதா?" என்று கேட்டார். "எடுக்கலீங்க" என்றேன். மறுநாளே என்னை ஆபீஸ் மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று காரணம் சொன்னார்கள்.

மாடிப்படிக்குக் கீழே என் மேஜை. நூற்றுப் பத்து பேருக்கு வருகைப் பதிவு, யூனிபாரம், சாப்பாட்டு முறை, லீவு. காலையில் எல்லோருடைய செல்போனையும் வாங்கி மரப்பெட்டியில் போட்டுப் பூட்டி, கடை மூடும்போது திருப்பிக் கொடுப்பதும் என் வேலைதான். பெட்டிக்குள் போன் அடித்துக்கொண்டே இருக்கும். எனக்கு அது பழகிவிட்டது. யாருடைய வீட்டில் என்ன ஆச்சோ என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

லீவு ரிஜிஸ்டர் எனக்கு முன்னால் இருந்தவர் கோடு போட்டு வைத்தது. காரணத்துக்கு மூன்று கட்டம்: கல்யாணம், பிரசவம், சாவு. தனக்கே காய்ச்சல் என்றால் டாக்டர் சீட்டோடு ஓரமாக எழுதிக்கொள்ளலாம். வீட்டில் ஒருவர் படுத்திருக்கிறார், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதற்குக் கட்டம் கிடையாது. கோடு போட்டவர் வீட்டில் எல்லோரும் சௌக்கியம் போலிருக்கிறது.

சாவு என்றால் மட்டும் எங்கள் கடை தாராளம். அம்மா, அப்பா, கட்டினவர், பெற்ற பிள்ளை போனால் காரியம் முடியும்வரை பதினாறு நாள், சம்பளத்தோடு. மற்ற உறவுக்கு ஒரு நாள். ஆகவே முகூர்த்த மாதங்களில் மற்ற உறவுகள் நிறைய பேர் போவார்கள். ஒரே ஆள் இரண்டு தடவை போய்விடக் கூடாதே என்று ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கங்களில் நான் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். ஒருத்தனுடைய பெரியப்பா இரண்டாவது தடவை போனபோது, "இவரு போன ஆவணியிலயே போய்ட்டாரேப்பா" என்றேன். "அவரு பெரிய பெரியப்பா சார், இவரு சின்னப் பெரியப்பா" என்றான். எழுதிக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

லீவு லெட்டரில் கையெழுத்துப் போடுவது முதலாளி. அவர் சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு, நின்றுகொண்டேதான் லெட்டர் படிப்பார். உட்கார்ந்து படித்தால் மனசு இளகிவிடும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு கேள்விதான்: "யாரு போனது?" யாராவது போயிருந்தால் கையெழுத்து. யாரும் போகவில்லை என்றால் லெட்டரைக் கண்ணாடி பேப்பர் வெயிட்டுக்குக் கீழே வைப்பார். முடியாது என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. பேப்பர் வெயிட்டுக்குக் கீழே போனது திரும்பி வந்தும் பார்த்ததில்லை. குரலை உயர்த்த மாட்டார். அவர்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு, கடையில் தமிழ்தான். கடையில் தெலுங்கு வந்தால் கோபம் என்று நாங்கள் புரிந்துகொள்வோம். என் சர்வீசில் நாலு தடவை வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அது தெரியாவிட்டால் மேலே கதை புரியாது. ஊழியர் வீட்டில் தாய் தகப்பன் போனால், உடம்பின்மேல் போர்த்தக் கடையிலிருந்து கோடித் துணி போகும். அம்மா என்றால் பட்டுச் சேலை, அப்பா என்றால் பட்டு வேட்டி. முதலாளியே அலமாரி முன்னால் நின்று எடுத்துக் கொடுப்பார். இழை அறுந்தது, சாயம் ஏறினது எதையும் கோடிக்குத் தரமாட்டார். "தள்ளுபடியில வாங்கறவங்க திருப்பிக் கொண்டாந்து கேப்பாங்க. இவங்க கேக்க மாட்டாங்க. அதனால நாமதான் பாத்துக் குடுக்கணும்" என்பார். குங்குமம் வைத்த கடைப்பையில் அதைப் போடக்கூடாது. செய்தித்தாளில் சுற்ற வேண்டும். ஸ்டாக் புத்தகத்தில் கோடி என்று எழுத வேண்டும். ஒருதரம் அப்படி எழுதி வாசலைத் தாண்டிய துணி மறுபடி கடைக்குள் வரவே கூடாது. எடுத்துக்கொண்டு போகிற ஆள் நான். மாலையோடு போய், போர்த்தி, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் திரும்ப வேண்டும்.

இனி தயாளன்.

முதல் மாடி கல்யாணப் பிரிவில் அவனைப் போல ஒரு கை கிடையாது. அதட்ட மாட்டான், அளக்க மாட்டான், ஏழாவது சேலைக்குள் முடித்துவிடுவான். திருப்பருத்திக்குன்றத்தில் வீடு. பிள்ளை குட்டி கிடையாது. மனைவி சாந்தி ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறினால் திரும்ப நாலு மணி ஆகும். அம்மா கன்னியம்மாள் நாற்பது வருஷம் தறிக்காரர்களுக்குப் பட்டு நூல் சுற்றிக் கொடுத்தவர். அந்த வருஷம் ஆடியில் அவருக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள்.

தயாளன் முதல் லெட்டர் கொண்டு வந்தான். மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை வீட்டுக்குப் போய்வர வேண்டும், அந்த நேரத்துக்கு ஈடாகக் காலையில் முன்னாலேயே வந்து அலமாரி அடுக்கிவிடுவதாக எழுதியிருந்தான். கடையில் சாப்பாட்டு நேரம் அரை மணி, முறை வைத்து, கடை மெஸ்ஸிலேயே.

"எதுக்குப்பா ரெண்டு மணி நேரம்? பக்கத்து வூட்ல யாராவது ஒரு வாய் ஊட்ட மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"ஊட்டினா பொரை ஏறிக்குது சார். ஒரு ஸ்பூன் குடுத்துட்டு, முழுங்கிட்டாங்களான்னு பாத்து, அப்பறம் அடுத்த ஸ்பூன். முக்கா மணி நேரம் ஆவுது. பக்கத்து வூட்டு அக்கா கூட ஒக்காந்துக்கறாங்க, ஊட்ட பயப்படறாங்க. அப்பறம் கை கால் பயிற்சி. மொத சில வாரம் வுடாம பண்ணாதான் எழுந்து ஒக்காருவாங்கன்னு பிசியோ சொல்லிக்கிறாரு. இல்லன்னா அப்படியே படுக்கதான்றாரு."

லெட்டரை மேலே அனுப்பினேன். பேப்பர் வெயிட். பத்து நாள் கழித்து இரண்டாவது லெட்டர். பேப்பர் வெயிட். மூன்றாவது லெட்டரை அவன் நீட்டியபோது மணி பதினொன்றரை, முகூர்த்தக் கூட்டம், மெஸ்ஸில் காஸ் தீர்ந்துபோயிருந்தது. எனக்கு எரிச்சல். "யோவ் தயாளா, உயிரோட இருக்கறவங்களுக்கெல்லாம் நம்ம ரிஜிஸ்டர்ல எடமே இல்லய்யா. கட்டத்தப் பாரு" என்று திருப்பிக் காட்டினேன். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தயாளன் குனிந்து மூன்று கட்டத்தையும் நன்றாகப் பார்த்தான். மூன்றாவது லெட்டரும் பேப்பர் வெயிட்டுக்குப் போனது.

அடுத்த திங்கட்கிழமை காலையில் தயாளனின் பக்கத்து வீட்டுப் பையன் யாரோ ஒரு கவரைக் கொடுத்துவிட்டுப் போனான். 'என் தாயார் கன்னியம்மாள் இன்று விடியற்காலை காலமானார். பதினாறு நாள் விடுப்பு வேண்டுகிறேன். தயாளன்.'

ரிஜிஸ்டரில் எழுதினேன். கடைசிப் பக்கத்துப் பட்டியலிலும் எழுதினேன். முதலாளி அன்றைக்குச் சீக்கிரம் வந்திருந்தார். அலமாரி முன்னால் கொஞ்ச நேரம் நின்று ஒரு அரக்குச் சேலையை எடுத்தார். மாங்காய்க் கரை. "நூல் சுத்தின அம்மா. நல்லதாப் போகட்டும்" என்றார். செய்தித்தாளில் சுற்றினேன். ஸ்டாக் புத்தகத்தில் கோடி என்று எழுதினேன். பூக்கடையில் ரோஜா மாலை வாங்கிக்கொண்டு பாஷா பாய் ஆட்டோவில் ஏறினேன். பாஷா பாய் கடைக்கு வழக்கமாக ஓட்டுகிறவர். சாவு வீட்டுக்குப் போகும்போது மட்டும் ரேடியோ போடமாட்டார்.

தெருவில் பந்தல் இல்லை. மேளம் இல்லை. வாசலில் நாற்காலிகூடப் போடவில்லை. அமைதியான குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன். செருப்பை விட்டு, முகத்தை அதற்கேற்றபடி வைத்துக்கொண்டு, இரண்டு கையிலும் மாலையைத் தூக்கிப் பிடித்தபடி உள்ளே போனேன்.

கன்னியம்மாள் கட்டிலில் முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ஒரு துண்டு. எதிரே முக்காலியில் தயாளன், ஒரு கையில் கேழ்வரகுக் கூழ்க் கிண்ணம், இன்னொரு கையில் ஸ்பூன். அவன் என்னைப் பார்த்தான். எழுந்திருக்கவில்லை. அவன் அம்மா தொண்டையைப் பார்த்தான். அவர் முழுங்கினார். அதன் பிறகுதான் எழுந்தான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மாலையோடு யாரையும் திட்ட முடியாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அவனை அடுப்படிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏன்யா, இது உனக்கே அடுக்குமா? பெத்தவள செத்துப்போனான்னு எழுதுவியா? கை எப்படிய்யா வந்துது?"

"வரல சார். மூணு பேப்பர் கிழிச்சேன்."

"அப்பறம் எதுக்கு எழுதினே?"

"உயிரோட இருந்தா எடம் இல்லன்னு நீங்கதான சார் கட்டத்தக் காட்டினீங்க? செத்தா பதினாறு நாள் இருக்குது. பதினாறு நாள் நான் கூட இருந்தா எங்கம்மா எழுந்து ஒக்காந்துக்கும் சார். அப்பறம் நெசமா போய்ட்டா எனக்கு எதுக்கு சார் லீவு? நான் வூட்ல இருந்து என்னா பண்ணப் போறேன்?"

அவன் குரல் உயரவில்லை. கூழ் ஆறிவிடப் போகிறதே என்று கிண்ணத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.  என் அம்மா எட்டு மாசம் படுக்கையில் இருந்தாள். அந்த எட்டு மாசமும் நான் இந்த மேஜையில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு வருகைப் பதிவு போட்டேன். அவள் போன பிறகு பதினாறு நாள் வீட்டில் இருந்தேன். சம்பளத்தோடு. அதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

கட்டில் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. கன்னியம்மாள் கூப்பிடுகிறார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, பேச்சு விட்டு விட்டு வந்தது. ஆனால் கண் இருக்கிறதே, அது சரியாக வேலை செய்துகொண்டிருந்தது. மாலையைப் பார்த்தார். செய்தித்தாள் பொட்டலத்தைப் பார்த்தார். கடைப்பை இல்லை என்பதையும் பார்த்தார். நாற்பது வருஷம் பட்டோடு இருந்த பொம்பளைக்கு அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியதில்லை.

"எனக்கா?" என்றார்.

நான் நின்றேன்.

"பிரி... பா."

பிரித்தேன். நான் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் இடது கையால் சேலையை இழுத்து மடியில் போட்டார். முந்தியைப் பார்க்கவில்லை. கரையும் உடம்பும் சேருகிற இடத்தை உள்பக்கமாகத் திருப்பி விரலால் தடவிப் பார்த்தார்.

"கோர்வ... நல்லா... கீது."

"அம்மா, இது தப்பா வந்துட்டுது. நான் எடுத்துக்கினு போறேன்" என்றேன்.

"எடுத்துக்கினு... போவக் கூடாது. கொண்டாந்தா... கொண்டாந்ததுதான். வெச்சுட்டுப் போ." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "நேரம் வரும்போ... போட்டுக்கறேன். இப்போ... இன்னா அவசரம்?"

தயாளன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கன்னியம்மாள் என் மணிக்கட்டை இடது கையால் பிடித்தார். பிடி இறுக்கமாகவே இருந்தது.

"அவன... வேலைய வுட்டு... தூக்கிடாதப்பா."

வெளியே வந்து ஆட்டோவில் ஏறினேன். பாஷா பாய் என் கையிலிருந்த மாலையைப் பார்த்தார். "என்னா சார், போடலியா?"

"அந்தம்மா உயிரோட இருக்காங்க பாய்."

"யா அல்லா. நல்ல சேதிதானே சார், ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீங்க?" என்றார். மாலையைச் சாமிக்கும் போட முடியாது, கடைக்கும் கொண்டு போக முடியாது. வழியில் இரண்டு ஆடுகள் நின்றன. ரோஜாவை நன்றாகவே சாப்பிட்டன.

கடைக்கு வந்தேன். முதலாளி வாசலிலேயே நின்றார். தானும் ஒரு தடவை போய்வர வேண்டும் என்று வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார்.

"எத்தன மணிக்கு எடுக்கறாங்க?"

"இன்னும் எடுக்கலீங்க மொதலாளி."

"அதான், எப்போ?"

"தெரியலீங்க. அந்தம்மா கூழ் சாப்டுக்கினு இருக்காங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே நடந்தார். நான் பின்னால் போய் முழுவதையும் சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில், "ஏமய்யா இது?" என்றார். தெலுங்கு. என் சர்வீசில் மூன்றாவது தடவை. "கோடி வாங்கறதுக்குப் பொய்யா? உயிரோட இருக்கற பொம்பளைக்கு என் கையால கோடி எடுத்துக் குடுத்திருக்கேன். இன்னைக்கே கணக்க முடிச்சு அனுப்பு அவன."

நான் போகவில்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் சொல்லி நான் போகாமல் நின்றது அந்த ஒரு தடவைதான். 

"அவன் கோடிக்குப் பொய் சொல்லல மொதலாளி, நேரத்துக்குச் சொன்னான். அதுகூட நான் சொல்லிக் குடுத்தது. உயிரோட இருந்தா எடம் இல்லன்னு கட்டத்தத் திருப்பிக் காட்டினேன். அவன் கட்டத்துல இருக்கறத எழுதினான். அனுப்பறதுன்னா ரெண்டு பேரா அனுப்புங்க."

முதலாளி மேஜைக்குப் போனார். பேப்பர் வெயிட்டைத் தூக்கினார். கீழே இருப்பதை எடுக்க அது தூக்கப்பட்டதை நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. கீழே ஒரு கற்றை. தயாளனுடைய மூன்று லெட்டரையும் தேடி எடுத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்து படித்தார். மூன்றையும் படித்துவிட்டு, அவனுடையது இல்லாத மற்றவற்றையும் ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தார். ஒருத்தனுடைய மனைவிக்கு டயாலிசிஸ், வாரத்துக்கு இரண்டு தடவை. ஒருத்திக்குக் காது கேட்காத பெண் குழந்தை, பயிற்சி வகுப்பு மதியம் மூன்று மணிக்கு. கீழே போகப் போகக் காகிதம் மஞ்சளாக இருந்தது. கீழ்த்தளத்தில் பில் போடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"இந்த டயாலிசிஸ் அம்மா இப்போ எப்படி இருக்காங்க?"

"போன வருஷம் போய்ட்டாங்க மொதலாளி. கோடி அனுப்பினோம். கிளிப்பச்ச."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். 

"தயாளனுக்குப் பதினாறு நாள் குடு. எழுதினது எழுதினதாவே இருக்கட்டும். கோடின்னு ஸ்டாக் புக்குல போய்டுச்சு, அதுக்கு எதிர்ல ஒரு சாவு இருந்துதான் ஆகணும். திரும்ப வந்தப்பறம் அவன் கேட்ட ரெண்டு மணி நேரம். நாளைக்குப் புது ரிஜிஸ்டர் ஒண்ணு வாங்கி நீயே கோடு போடு."

போட்டேன். மேலே என்ன தலைப்பு எழுதுவது என்று தெரியவில்லை. 'உயிரோடு' என்று எழுதினேன். கட்டங்கள் குறைவு: ஊழியர் பெயர், பார்த்துக்கொள்ளப்படுகிறவர் பெயர், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, கையெழுத்து. காரணம் என்ற கட்டத்தை விட்டுவிட்டேன். கட்டம் இருந்தால் நான் கேட்பேன். கேட்டால் எதையாவது சொல்வேன். என் வாயைப் பற்றி எனக்குத் தெரியும்.

அது ஒழுங்காக நடந்தது என்று சொன்னால் பொய். முதல் வாரமே முதல் மாடி மணவாளன் மேஜைக்கு வந்து, "எங்கம்மாவும்தான் சார் உயிரோட இருக்காங்க. எனக்கும் ரெண்டு மணி நேரம் எழுதுங்க" என்றான். "உங்கம்மா நேத்து காய் வாங்கிக்கினு எனக்கு முன்னால நடந்து போனாங்களேய்யா" என்றேன். "நடக்கறவங்களுக்கு இல்லையா?" என்று சண்டை. தயாளன் போகிற நேரத்தில் அவன் மெத்தையில் யார் உட்காருவது, அவன் பாதி பேசி வைத்த கூட்டத்தை யார் முடிப்பது என்று இன்னொரு சண்டை. கடைசியில் ஆளுக்கு ஆள் ஜோடி போட்டேன். ஒருத்தர் போனால் இன்னொருத்தர் பார்க்க வேண்டும், அவருக்குத் தேவை வரும்போது இவர் பார்க்க வேண்டும். தயாளனுக்கு ஜோடியாக மணவாளனைத்தான் போட்டேன். ஒரு மாசம் முறைத்துக்கொண்டிருந்தான். அடுத்த பங்குனியில் அவன் அப்பா கீழே விழுந்து இடுப்பு உடைந்தது. அதற்குப் பிறகு முறைக்கவில்லை.

வீட்டில் யாராவது படுத்திருந்தால் அவர்கள் போனை மட்டும் பெட்டியில் பூட்டாமல் என் மேஜைமேல் வைத்துக்கொண்டேன். அடித்தால் நானே எடுப்பேன். ஒரு நாளைக்கு மூன்று பேர் வீட்டு மலச்சிக்கல் வரை எனக்குத் தெரிந்துபோயிற்று. ஒரு ஆடித் தள்ளுபடிக்கு மட்டும் எல்லா 'உயிரோடு' நேரத்தையும் பத்து நாள் நிறுத்தினோம். இரண்டு பேர் வேலையை விட்டுப் போனார்கள். இரண்டு பேரும் நல்ல கைகள். அடுத்த வருஷம் நிறுத்தவில்லை. அப்புறம் ஒன்று கவனித்தேன்: புது ரிஜிஸ்டர் வந்த பிறகு யாருடைய பெரியப்பாவும் போகவில்லை.

கன்னியம்மாள் அந்தப் பதினாறு நாளில் தானாக எழுந்து உட்காரவில்லை. நாற்பது நாள் ஆயிற்று. பிறகு சுவரைப் பிடித்து நடந்தார். தானாகவே ஸ்பூன் பிடித்தார், இடது கையால். பேச்சு முழுதாகத் திரும்பவில்லை. நான் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை போய்ப் பார்ப்பேன். மாலை இல்லாமல்தான். ஒவ்வொரு தடவையும் என் கையைப் பார்த்து, "இன்னிக்கு... ஒண்ணும்... கொண்டாரலியா?" என்பார். அவருக்கு மட்டும் சிரிப்பு வரும். நாலு வருஷம், தினமும் பன்னிரண்டு மணிக்குத் தயாளன் என் மேஜைக்கு வந்து கையெழுத்துப் போட்டு, வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவான். இரண்டு மணிக்கு வருவான்.

நாலாவது வருஷம் தை மாசம் அவனே போன் செய்தான். "சார், அம்மா போய்ட்டாங்க சார்." எனக்குச் சந்தேகம் வரவில்லை. அந்தக் குரலுக்கு யாருக்கும் வராது.

முதலாளி அலமாரி பக்கம் போகவில்லை. "அவங்களுக்குக் குடுத்தாச்சு" என்றார். இரண்டு பேரும் போனோம். தயாளன் பெட்டியைத் திறந்து அந்தப் பொட்டலத்தை எடுத்தான். அதே செய்தித்தாள். அரக்குச் சேலையின் ஒரு முனையை அவன் பிடித்தான், இன்னொரு முனையை முதலாளி பிடித்தார். போர்த்தும்போது தயாளன் கரையை உள்பக்கமாகத் திருப்பி, விரலால் ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டுப் போர்த்தினான். எனக்கு அடக்க முடியவில்லை. சத்தமாகவே அழுதுவிட்டேன்.

நாலாம் நாள் காலையில் தயாளன் யூனிபாரத்தில் வேலைக்கு வந்து நின்றான்.

"என்னாப்பா இது, பதினாறு நாள் இருக்குதே."

"அத அப்பவே எடுத்துட்டேனே சார். ஒரு ஆளுக்கு ஒரு சாவுதான். நீங்களே பட்டியல் வெச்சிருக்கீங்க."

"அதெல்லாம் பாக்காத. வூட்டுக்குப் போ."

"வூட்ல யாரு சார் இருக்காங்க, பாத்துக்கறதுக்கு?"

 அவன் மாடிக்குப் போனான். ஒரு கோஷ்டிக்கு ஆறாவது சேலையில் முடித்தான் என்று மணவாளன் வந்து சொன்னான்.

பன்னிரண்டு மணிக்குத் தயாளன் படியிறங்கி வந்தான். வழக்கம்போல ரிஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பினான். தேதி எழுதினான். பார்த்துக்கொள்ளப்படுகிறவர் பெயர் என்ற கட்டத்தில் கன்னியம்மாள் என்று எழுதினான். எழுதிய பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. பேனாவைப் பிடித்தபடியே நின்றான். வண்டிச் சாவி இன்னொரு கையில் இருந்தது.

"போய்ட்டு வாப்பா. ரெண்டு மணிக்கு வந்தாப் போதும்" என்றேன்.

போனான். எங்கே போனான் என்று நான் கேட்கவில்லை. காரணத்துக்குக் கட்டம் கிடையாது. மறுநாளும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். அதற்கு மறுநாளும். அப்படிப் பதினாறு நாள். பதினேழாவது நாள் அவனாகவே மெஸ்ஸில் மூன்றாவது பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

இது வரை எழுதி நிவேதாவுக்கு அனுப்பிவிட்டேன். சாயங்காலம் கூப்பிட்டாள். படித்துவிட்டுத்தான் பேசுகிறாளா என்று முதலில் தெரியவில்லை. 

"சார், ரெண்டு டேட்டையும் அப்படியே வெச்சுட்டேன். ஆனா ரெண்டாவது டேட்டுக்கு அப்பறம் பதினாறு நாள் 'உயிரோடு' லீவு இருக்குது. ஆள் இல்லாதப்போ அந்த லீவு போட முடியாதுன்னு சாஃப்ட்வேர் ஒத்துக்க மாட்டேங்குது. நான் என்னா சார் பண்ணட்டும்?"

"நீ ரிஜிஸ்டர்ல இருக்கறத அப்படியே போடும்மா. எர்ரர் காட்டினா காட்டட்டும்" என்றேன்.